கருத்துக்கு முன்னால் ஆறு வரி

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 6.10.

அன்புள்ள வாலுவுக்கு,

நீ எழுதி அனுப்பிய குறிப்பில் மொத்தம் ஏழு வரி, எண்ணிவிட்டேன். முதல் ஆறும் மன்னிப்பு, ஏழாவதுதான் கருத்து என்று அன்றைக்குக் கணக்குப் போட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்தவுடன் சண்டைக்குப் போகாதே, முதலில் நலம் விசாரி என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறாள், விசாரிக்கிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மாடி ஏறும்போது மட்டும் அவளுடைய இடது முழங்கால் தகராறு பண்ணுகிறது, டாக்டரிடம் போகலாம் என்றால் அடுத்த வாரம் என்கிறாள், அந்த அடுத்த வாரம் ஜனவரியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. உன் தொண்டை சரியாயிற்றா? காதில் ஏதோ இரைச்சல் என்றாயே, அது போயிற்றா? நாள் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காது என்ன இரும்பிலா செய்தது, அவ்வப்போது கழற்றி வை. குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே மாற்றினேன், இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, அம்மா நம்ப மறுக்கிறாள். ஃபோன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. "ஃபோன்ல நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை நீங்களே சொல்லிடுறீங்க இன்ஜினியர், எழுதுங்க, எழுத்துல யாரும் குறுக்கே பேச முடியாது" என்று சொன்னது நீதான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பத்து வருஷம் கழித்து நீயே எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும். நீ ஒலி சேர்க்கிற படத்தில் ஒரு காட்சி, காணாமல் போன மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு பெண்ணுக்குச் செய்தி வருகிறது, அவள் ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். அங்கே டைரக்டர் வயலின்களாக நிரப்பி வைத்திருக்கிறார். போன மாதம் நீ ஃபோனில், "அங்க இசையே வேண்டாம், அந்த நாற்காலி தரையில உரசுற சத்தம் மட்டும் போதும், அதுலயே எல்லாம் இருக்கு" என்றாய். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் குறுக்கிடவில்லை, முழுசாகக் கேட்டேன், கேட்டவுடன் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வரும் 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை படத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். முடிந்ததும் டைரக்டர் ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்பார், மூத்தவர்களிலிருந்து ஆரம்பித்து. கடைசி நாற்காலி உன்னுடையது, உன் முறை வருவதற்குள் ஆளாளுக்குக் காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொன்னாய். இசையமைப்பாளரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சொல்லாவிட்டால் மறுநாள் ஒலி பூட்டப்பட்டுவிடும், அப்புறம் அந்தக் காட்சியை யாரும் தொட முடியாது. இதற்காக நீ தயார் செய்த குறிப்பு இது, அப்படியே எழுதுகிறேன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு அனுபவம் ரொம்பக் குறைவு. பெரியவங்க எல்லாரும் பேசினப்புறம் நான் பேசறது சரியான்னு தெரியல. ஒருவேளை என் காதுலதான் கோளாறோ என்னவோ. இசை பிரமாதமா இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. சும்மா ஒரு யோசனைதான். அந்த இடத்துல இசை ஒரு துளி கம்மியா இருந்தா எப்படி இருக்கும்னு." அடியில், அம்மாகிட்ட காட்டாதீங்க, சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க என்று ஒரு கட்டளை. நான் ஒரே வரியில் பதில் போட்டேன், முதல் ஆறு வரியை வெட்டு என்று. அதற்கு நீ, "உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னை மாதிரி பேசிப் பாருங்க, அப்புறம் வெட்டலாம்" என்று போட்டுவிட்டு நாலு நாள் பேசவில்லை.

பேசிப் பாருங்கள் என்றால் நான் பேசிப் பார்த்துவிடுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதன்கிழமை அச்சகத்துக்குள் நுழையும்போதே முடிவு செய்தேன், மாலைவரை எதையும் நேராகச் சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் முன்னால் உன் ஆறு வரியில் ஒன்றையாவது ஒட்டுவது. அன்று மிஷினில் ஏறியிருந்தது குழந்தைகள் படப்புத்தகம், பக்கம் முழுக்க ஒரே யானை, அடர்ந்த நீலம். அந்த வழவழத் தாளில் அவ்வளவு மை விழுந்தால் காய நேரம் கொடுக்க வேண்டும், காயாமல் உயரமாக அடுக்கினால் கீழ்த்தாளின் மை மேல்தாளின் முதுகில் ஒட்டும். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஃபோர்மேன் வழக்கம்போல அவசரத்தில் "அடுக்கு, அடுக்கு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அண்ணே, நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம், எனக்கென்னவோ மை இன்னும் காயலையோன்னு ஒரு தோணல்" என்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு இன்னும் வேகமாக அடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனேன், சும்மா ஒரு யோசனைதான் அண்ணே என்று ஆரம்பித்தேன். "யோசனையை நாளைக்கு வெச்சுக்கலாம் தம்பி, இன்னைக்கு வேலை இருக்கு" என்றார். மதியம்வரைதான் தாங்கினேன், அப்புறம் "மை காயல, நிறுத்துங்க!" என்று கத்தியே விட்டேன், மிஷின் நின்றது, ஆனால் அதற்குள் ஒரு பலகை நிறைய அடுக்கிய தாள் வீணாய்ப் போய்விட்டது. புரட்டினால் முதுகில் ஒரு மங்கல் யானை, அடுத்ததைப் புரட்டினால் அதிலும் யானை, ஒவ்வொரு யானைக்குப் பின்னாலும் அதன் ஆவி. ஃபோர்மேன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "காலையிலேயே ஏன்யா சொல்லல?" என்றார். ரெண்டு தடவை சொன்னேனே அண்ணே என்றேன். "எங்க சொன்னீங்க? ஏதோ முனகினீங்க!" என்றார். நாளை ஞாயிற்றுக்கிழமை வந்து நானே மறுபடி அடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அடிப்பார்.

எனக்கு விளங்காதது இதுதான். மை காயவில்லை என்ற செய்தி என் வாக்கியத்தில் முழுசாக இருந்தது, ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது 'தப்பாக்கூட இருக்கலாம்' மட்டும். மீதி வழியில் எங்கே விழுந்தது? அன்றைக்கு இதை யோசித்து யோசித்து, சரி, நான் சொன்னதுதான் சரி, ஆறு வரியை வெட்ட வேண்டியதுதான், நிரூபணமே கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அந்த உற்சாகத்தில் பிளேட் ரூம் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குத் தெரியும் அவரை, படங்களின் நிறத்தைத் திருத்தி அச்சுத்தகடு போடுகிறவர், நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது உனக்கு வண்ண அட்டைகள் கொடுப்பாரே, அவர்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, "நீங்க ஒரு நாள் முனகினதுக்கே ஒரு பலகைத் தாள் போச்சு இன்ஜினியர் சார், நாங்க முனகின இத்தனை வருஷத்துல எவ்வளவு போயிருக்கும்னு எப்பவாவது எடை போட்டீங்களா?" என்றார். அப்போ நேராகச் சொல்ல வேண்டியதுதானே அக்கா என்றேன், பெரிய மேதைபோல. சொன்னாராம். ஒரு ஓவியர் தன் படத்தைக் கொண்டுவந்தபோது, முகத்துல பச்சை ஏறியிருக்கு, எல்லாரும் நோயாளி மாதிரி இருக்காங்க, மாத்தணும் என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். படம் மாறியது. ஆனால் ஒரு மாதம் அவர் எந்தப் பக்கம் நடந்தாலும் "ஜட்ஜ் அம்மா வர்றாங்க, எல்லாரும் எழுந்திருங்க" என்று கேலி. "மதியம் நீங்க கத்தினீங்களே, உங்களை யாராவது ஜட்ஜ் அய்யான்னாங்களா?" என்று கேட்டார். இல்லை. அப்பாடா, இன்ஜினியர் இப்பத்தான் சரியானார் என்றார்கள். இப்போது சொல் வாலு, உன் ஆறு வரி ஒரு ஹெல்மெட் என்றால், அதைப் போட்டுக்கொண்டு போகிறவளை நிறுத்தி, தலையைக் காட்டு, அதுதான் தைரியம் என்று சொன்னவன் நான். கல் எறிகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை அம்மாவோடு பதிப்பகத்துக்குப் போனேன். புத்தக அட்டை முடிவு செய்கிற கூட்டம், அச்சகத்திலிருந்து ஒரு ஆள் வர வேண்டும், நானே போகிறேன் என்று கேட்டு வாங்கினேன், ஏனென்றால் இத்தனை வருஷத்தில் உன் அம்மா ஒரு கூட்டத்தில் எப்படிப் பேசுவாள் என்று நான் பார்த்ததே இல்லை. வீட்டில் எப்படிப் பேசுவாள் என்று நம் இருவருக்கும் தெரியும், அது வேறு. பாலங்களைப் பழுது பார்க்கிற ஒரு பெண்ணைப் பற்றிய நாவல் அது. அம்மா அட்டைக்கு வரைந்தது ஒரு ஜோடி அழுக்குக் கையுறை, வேறொன்றும் இல்லை. விற்பனைக்காரர் கேட்டது கண்ணீர் வழிகிற ஒரு பெண் முகம். இன்னும் டீ வரவில்லை, பாதிப் பேர் உட்காரவில்லை, அம்மா ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு இந்த முகம் வேண்டாம். கதையில இவ ஒரு இடத்துலகூட அழறதில்ல. அட்டையில அழ வெச்சா, படிக்கிறவங்களை ஏமாத்தறோம். கையுறைதான் சரி." அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கையுறை அட்டைக்கு இரண்டே நிறம் போதும், அடிக்கச் செலவு குறைவு, அதைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன், மேசைக்கு அடியில் என் கால் விரல் நசுங்கியது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுத முகம்னா பெண்கள் வாங்குவாங்க மேடம் என்றார் விற்பனைக்காரர். "நானும் பெண்தான், நான் வாங்க மாட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு, முகமே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். தோற்றுவிட்டாள். "சரி, செவ்வாய்க்கிழமை தர்றேன். என் கருத்து மாறல, அது மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் வந்த டீயில் பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிட்டாள். வெளியே வரும்போது கையைப் பிடித்தேன், பனிக்கட்டிபோல் சில்லென்று இருந்தது, அதையும் குறித்துக்கொள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன், ஏன் மிதித்தாய், செலவைச் சொல்லியிருந்தால் நாம்தான் ஜெயித்திருப்போம் என்று. "ஜெயிச்சிருப்போம், காசுக்காக. அடுத்த அட்டைக்கு நாலு நிறம் வேணும்னு நான் கேட்டா அப்ப எந்த முகத்தோட கேட்பேன்?" என்றாள். டீ வருவதற்கு முன்னால் ஏன் ஆரம்பித்தாய் என்று கேட்டேன். "டீ வந்தப்புறம் எந்த ஊர்லயும் யாரும் மனசை மாத்திக்கிட்டதில்ல" என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு, அதுக்கென்ன, பயம் பாட்டுக்குப் பயம் இருக்கட்டும்" என்றாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கடைசியில் எரிச்சலாகி, "இதோ பாரு, பேசித் தோத்தா வயித்தெரிச்சல். பேசாம வந்தா தூக்கம் வராது. வயித்தெரிச்சலுக்காவது மாத்திரை இருக்கு" என்று முடித்துவிட்டாள். அதற்காக அவளுக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே, வீட்டுக்கு வந்து ஒரே டம்ளரை ரொம்ப நேரம் கழுவினாள். இப்போது அந்த அழுகிற முகத்தை வரைந்துகொண்டிருக்கிறாள், கண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தைக்கூட விடாமல். வேண்டாம் என்று சொன்ன வேலையை இவ்வளவு அக்கறையாக எப்படிச் செய்ய முடிகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

இனி நீ கோபிக்கப்போகிற பகுதி. உன் குறிப்பை அம்மாவிடம் நான் காட்டவில்லை. ஃபோனை மேசையில் திறந்து வைத்துவிட்டுக் குழாயைப் பார்க்கப் போனேன், அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் படித்தாள். ஆறு வரி மன்னிப்பைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. "அவளுக்கு அங்க இசை கம்மியா வேணுமா, இல்ல இசையே வேண்டாமா?" என்று கேட்டாள். இசையே வேண்டாம் என்றுதான் ஃபோனில் சொன்னாள் என்றேன். "இதுல அப்படி இல்லையே" என்றாள். வாங்கிப் படித்தேன். இல்லை. எத்தனை தடவை படித்திருப்பேன், வரி வரியாக எண்ணினேனே தவிர, ஒரு துளி கம்மியாக என்று எழுதியிருப்பதை நான் பார்க்கவே இல்லை. நீ கேட்ட நாற்காலிச் சத்தம் அந்தக் குறிப்பில் எங்கேயும் கிடையாது. ஏழில் ஒரு வரி கருத்து என்று நான் போட்ட கணக்குத் தப்பு, பூஜ்யம். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், ஆறு இல்ல அறுபது வெச்சுக்கட்டும், அந்த ரூம் எப்படின்னு அவளுக்குத்தான் தெரியும். ஏழாவதுல அவளைக் காணோமே, அதைப் பாரு இன்ஜினியர்" என்றாள் அம்மா. நான் விடவில்லை, உனக்காக இரண்டு வாக்கியம் கச்சிதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன், அதை எடுத்து வாசித்தேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உன் வாய், அவ காது இல்ல" என்றாள். அழித்துவிட்டேன். அழிக்க மனசே வரவில்லை, உண்மையிலேயே நல்ல வாக்கியங்கள்.

ஆகவே வெட்டு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எத்தனை வரி முன்னால் வைப்பது என்பது உன் பாடு. எதைக் கேட்டாயோ அதைச் சொல், எவ்வளவு கேட்டாயோ அவ்வளவு, அளவைக் குறைக்காதே, அது போதும். ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் அவர்கள் வேலை. எனக்கு இன்னும் நிறையத் தெரிய வேண்டியிருக்கிறது. அந்த அறையில் டைரக்டர் உன் பக்கம் திரும்பி உட்காருவாரா, தோளுக்கு மேலே பார்த்துக் கேட்பாரா? வேறு எத்தனை பெண்கள் இருப்பார்கள், அவர்கள் என்ன மாதிரி ஆரம்பிப்பார்கள்? அந்த நாற்காலி மரமா இரும்பா? இதையெல்லாம் எழுது, சும்மா இரண்டு வரியில் முடிக்காதே. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. காது டாக்டரிடம் முதலில் நீ போ, அப்புறம்தான் அம்மாவை முழங்காலுக்கு அழைத்துப் போக எனக்கு வாய் வரும். யானைத் தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், முதுகைத் திருப்பிப் பார். ஆசீர்வாதம் பண்ணுகிற வயசு எனக்கு வரவில்லை, உனக்கும் எனக்கும் பன்னிரண்டு வருஷம்தான் வித்தியாசம், இருந்தாலும் உன் அம்மாவைக் கட்டிக்கொண்ட உரிமையில் பண்ணுகிறேன். நீ நீண்ட நாள் நல்ல காதோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் இதிலேயே இருக்கிறது, அவள் கை முழுக்க வண்ணம், பேனா பிடிக்க முடியாது என்கிறாள்.

இப்படிக்கு,
இன்ஜினியர்

இனி நான் செய்யப்போவது:

1. நாளை அச்சகத்துக்குப் போய் யானைகளை மறுபடி அடிப்பது, காய்கிறவரை உட்கார்ந்து காவல் காப்பது.

2. இனி யாராவது ஜட்ஜ் அம்மா என்று ஆரம்பித்தால், கேலி அப்புறம், முதலில் அக்கா சொன்னதைக் கேளுங்கள் என்று சொல்வது. ஒரு தடவைதான். மீதியை அக்காவே பார்த்துக்கொள்வார்.

3. 27ஆம் தேதி நீயாகக் கூப்பிடும்வரை உனக்கு ஃபோன் பண்ணாமல் இருப்பது. இது முடியுமா என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன்.

4. படம் வெளியானதும் முதல் காட்சிக்கே போவது. அந்த இடத்தில் நாற்காலி கேட்டால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பேன். வயலின் கேட்டால், பக்கத்து சீட்டில் இருப்பவர் யாரானாலும் சரி, "இங்க இசையே வேண்டாம்னு என் பொண்ணு சொன்னா" என்று அவரிடம் சொல்வேன்.